சுண்டெலி பதுங்குகிறான்

காணாமல் போனவனை அந்தக் கம்பெனியின் வரவேற்பறைச் சுவரிலேயே காட்டினார்கள். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த திரையில், இடிந்த கட்டடத்தின் மாடிப்படியில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு ஏறிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே 'சுண்டெலி' என்ற பெயர் மிதந்தது.

"இதோ இருக்காரே உங்க ஆளு. இந்த நிமிஷம்கூட எங்கேயோ உக்காந்து ஜாலியா விளையாடிட்டிருக்காரு," என்றார் தயாரிப்பாளர்.

சினிமாத் தயாரிப்பாளர் இல்லை. 'இறுதி அரண்' என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் தயாரிப்பாளர். பந்தா மட்டும் சினிமாவிலிருந்து கடன் வாங்கியது.

மேடம் திரையைப் பார்க்கவில்லை. தயாரிப்பாளரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மேடம் தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரியாத கிடங்குக்கும் சாகாத மாமனாருக்கும் பணம் கேட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். கேட்பதற்கு முன்பே ஆதாரத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. நான் அவருடைய உதவியாளன். என்னை அவர் 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அது பழகிவிட்டது.

விஷயம் இதுதான். சுண்டெலி என்ற பெயரில் விளையாடுகிறவன் இதே கம்பெனியில் சோதனையாளனாக வேலை பார்த்தவன். விளையாட்டை ஆடிப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது சொதப்பல் என்று சொல்வது அவன் வேலை. மூன்று வாரமாக வீட்டுக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மருந்துக்கடை நடத்தும் அவனுடைய அக்கா போலீஸுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, தினமும் தன் பேரில் விளையாடிக்கொண்டிருக்கிற வளர்ந்த ஆளை எப்படியம்மா காணோம் என்று எழுதுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு அப்புறம்தான் அந்த அக்கா எங்களிடம் வந்தார். ஆக, கையில் இருந்த ஒரே நூல் அந்தச் சுண்டெலி.

வருகிற வழியிலேயே மேடம் என்னிடம் விளையாட்டைப் பற்றி விசாரித்திருந்தார். நானும் கொஞ்ச காலம் அதில் விழுந்து கிடந்தவன்தான். கொட்டிய காசு கண்ணுக்குத் தெரிகிற விளையாட்டு என்று சொன்னேன். உள்ளே மழை பெய்தால் நாம் சட்டையைத் தொட்டுப் பார்ப்போம். அதைவிட அருமை சத்தம். சரளைக்கல், தகரம், உடைந்த கண்ணாடி என்று எதன் மேல் எவன் கால் வைத்தாலும் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று காது சொல்லிவிடும். சத்தமில்லாமல் நகர ஒரே வழி, குனிந்து பதுங்கிப் போவது. இன்னொரு நல்ல விஷயம், எப்போது போனாலும் களத்தில் ஆள் இருப்பார்கள். மற்ற விளையாட்டுகளில் எதிராளிக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. காசு கொடுத்து வாங்குகிற துப்பாக்கிக்கு முன்னால் சும்மா கிடைக்கிற துப்பாக்கி தண்ணீர் பீச்சுவதற்குத்தான் லாயக்கு. எந்தப் பொத்தான் எதற்கு என்பதிலும் அவர்கள் வைத்ததுதான் சட்டம், நம் வசதிக்கு மாற்றவே முடியாது. இவ்வளவு கோடி போட்டவர்களுக்கு அந்தச் சின்ன வசதியை வைக்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்தக் கடுப்பிலேயே விட்டுப் போய்விட்டார்கள்.

"எல்லாரும் விட்டுப் போயிட்டாங்க. ஆனா எப்பப் போனாலும் ஆள் இருக்காங்க," என்று மேடம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். நான் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தயாரிப்பாளர் எங்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார். மறுநாள் காலை ஒரு பெரிய முதலீட்டாளர் வந்து கையெழுத்துப் போடப்போகிறாராம். கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் துணி உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். விழாவுக்கான ஏற்பாடுதான். ஆனாலும் மங்கிய வெளிச்சத்தில் வெள்ளை போர்த்தி நின்ற அந்த வரிசையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். ஜன்னல் இல்லாத நீண்ட நடைபாதை, அதன் கோடியில் ஓர் இரும்புக் கதவு. 'சோதனை அறை' என்று எழுதியிருந்தது. கதவின் முன்னால் ஒரு காவலாள் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் தயாரிப்பாளரைப் பார்த்தான். உள்ளேயிருந்து டக், டக், டக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

உள்ளே மனிதர்கள் யாரும் இல்லை, 'பொம்மைகள்'தான் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றார் தயாரிப்பாளர். பொம்மை என்றால் கம்ப்யூட்டர் தானே ஆட்டி வைக்கும் சிப்பாய். புதிதாக வருகிறவர்கள் சுட்டுப் பழகுவதற்காகப் பயிற்சிக் களத்தில் மட்டும் விடுவார்களாம். நாளைய கையெழுத்து முடிகிற வரைக்கும் அந்த அறைக்குள் ஒரு ஈ காக்கைகூடப் போகக்கூடாது என்பது உத்தரவாம்.

"பொம்மைங்க எல்லாம் டைப்பிங் பரீட்சைக்குப் படிக்குதுங்க போல," என்றேன் நான்.

தயாரிப்பாளர் சிரித்தார். என் ஜோக்கின் தகுதி எனக்குத் தெரியும், அதற்கு அவ்வளவு நேரம் சிரிக்க வேண்டியதில்லை. மேடம் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு போகலாம் என்று தலையை அசைத்தார்.

மருந்துக்கடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா கடையை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர். திரையில் 'இறுதி அரண்'. அவருடைய சிப்பாயும் சுண்டெலியும் மழையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தினமும் சாயங்காலம் இப்படித்தான் என்றார். சுண்டெலி எந்த அணியில் இருக்கிறானோ அதிலேயே இவரும் சேர்ந்துகொள்வார். எழுதிக் கேட்டால் பதில் வராது. வேலையை விட்டுத் தொலை என்று தம்பியைத் திட்டியிருந்தாராம், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"பேசலேன்னா பரவாயில்ல மேடம். கூட ஓடறான்ல. எங்கேயோ நல்லா இருக்கான்னு மனசு ஆறுது," என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது.

சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் இதே பைத்தியம்தானாம். அப்பா கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர். பாடம் படிக்கிறோம் என்று சொல்லி, அறையின் இந்தக் கோடியில் இவரும் அந்தக் கோடியில் தம்பியும் உட்கார்ந்து திருட்டுத்தனமாக விளையாடுவார்கள். அப்பா யார் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறாரோ, அவர் தன் சிப்பாயைச் சுவரைப் பார்த்துத் திருப்பி இரண்டு குதி குதிக்க வைக்க வேண்டும். அதைப் பார்த்ததும் மற்றவர் விளையாட்டை மூடிவிட்டுப் பாடத்தைத் திறந்துகொள்வார். ஒரு தடவைகூட மாட்டவில்லை என்று சொல்லி அக்கா சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

திரையில் தடதடவென்று காலடிச் சத்தம். 'புதுமுகம்' என்று மட்டும் பெயர் போட்ட ஒரு சிப்பாய் எதிரணியிலிருந்து ஓடி வந்து, நேராக அக்காவின் முன்னால் நின்றான்.

"வந்துட்டான், உயிரை வாங்க," என்று அலுத்துக்கொண்டே அக்கா சுட்டார். புதுமுகம் விழுந்தான். "தினம் இதே தொல்லை மேடம். சுடவும் மாட்டான், ஓடவும் மாட்டான், எதிர்ல வந்து நிப்பான். நான் விட்டாலும் தம்பி விடமாட்டான், பின்னாடியே பதுங்கி வந்து போட்டுடுவான்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுண்டெலி படிக்கட்டை நெருங்கியதும் அவனுடைய காலடிச் சத்தம் சட்டென்று நின்றதைக் கவனித்து, இப்போது அவன் என்ன செய்தான் என்று என்னைக் கேட்டார். ஓடிக்கொண்டே குனிந்து பதுங்கிவிட்டான், அதனால்தான் சத்தமில்லை என்றேன்.

"அதுக்கு எந்தப் பொத்தான்?"

கீபோர்டின் இடது ஓரத்தில், கடைசி வரிசையில் இருந்ததைக் காட்டினேன்.

"எந்த விரல்?"

இடதுகைச் சுண்டுவிரலை நீட்டினேன். மற்ற விரல்கள் எல்லாம் ஓடுவதற்கும் திரும்புவதற்கும் வேண்டும், மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்று விளக்கம் வேறு சொன்னேன். அக்கா என் விரலையே பார்த்தார். மவுஸிலிருந்து அவர் கை தானாக எடுபட்டது. அவருடைய சிப்பாய் மழையில் அப்படியே நின்றான்.

தம்பி காணாமல் போவதற்கு நான்கைந்து நாள் முன்பு கடை ஷட்டரை இறக்கும்போது அதே விரல் மாட்டிக்கொண்டதாம். நரம்பு அறுந்து, தையல் போட்டு, மடக்கவே கூடாது என்று தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு மாதம் அப்படியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டை மாற்றிவிட்டதெல்லாம் இந்த அக்காதான்.

பொத்தானை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று வாயைத் திறந்தவன், பாதியிலேயே மூடிக்கொண்டேன். இந்த விளையாட்டில் அது முடியாது என்று மேடத்திடம் புலம்பியவனே நான்தானே.

"அப்ப இத்தனை நாளா நான் யார் பக்கத்துல ஓடிக்கிட்டிருக்கேன்?" என்று அக்கா கேட்டார்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. அது பொம்மை என்றார். பயிற்சிக் களத்தில் மட்டும் விடுகிறோம் என்பது பொய். ஆட்கள் விட்டுப் போகப் போக, அவர்களுடைய பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய பொம்மைகளை அவர்கள் பெயரிலேயே உள்ளே விட்டுக் களத்தை நிரப்பியிருக்கிறார்கள். முதலீட்டாளர் வாங்கப்போகிற கூட்டத்தில் பெரும்பாதி பொம்மைதான். தம்பி அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவன் காணாமல் போனது தெரியாமல் இருப்பதற்காக அவன் பேரிலும் ஒரு பொம்மையைச் செய்து ஓடவிட்டார்கள். அங்கேதான் கம்பெனிக்காரர்கள் தங்கள் புத்தியைக் காட்டிவிட்டார்கள். பொம்மை நன்றாக ஆட வேண்டும் என்று அவனுடைய சிறந்த ஆட்டங்களாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவை எல்லாம் விரல் நன்றாக இருந்தபோது ஆடியவை.

அக்கா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த கேள்வி எங்கள் மூவருக்கும் தெரியும். அவன் பேரில் ஆடுவது அவன் இல்லை என்றால், அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இனிமேல் எந்தச் சாட்சியும் இல்லை. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில்தான் எனக்கு ஜோக் வரும். வரவில்லை.

"வாயாடி, அந்த இரும்புக் கதவுகிட்ட என்னமோ சொன்னியே, அதைத் திருப்பிச் சொல்லு," என்றார் மேடம்.

"பொம்மைங்க டைப்பிங் பரீட்சைக்குப் படிக்குதுன்னேன்."

"பொம்மைக்கு விரல் எங்கேடா இருக்கு?"

கம்ப்யூட்டர் தானே ஆட்டி வைக்கிற சிப்பாய்க்குக் கீபோர்டு எதற்கு? ஆள் இல்லாத அறையில் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தது யார்? அவன் இருந்த கதவுக்கு வெளியே நின்று நான் ஜோக் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

எந்தப் பொம்மை எங்கே பல்லை இளிக்கும் என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். முதலீட்டாளரின் ஆட்கள் வந்து பார்ப்பதற்குள் பொம்மைகளைச் செப்பனிட அவன்தான் வேண்டும். உட்கார வைத்து ஆட வைத்து வேலை வாங்குகிறார்கள். சோதனையாளனுக்குத் தன் பெயரெல்லாம் கிடையாது. கம்பெனிக் கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்தால் வெறும் புதுமுகம்தான், ஆனால் எந்தக் களத்துக்குள்ளும் நுழையலாம். மேடம் இதைச் சொல்லி முடித்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புதுமுகம் எப்பவாவது குனிஞ்சு பாத்திருக்கியாம்மா?"

அவன் நடந்தாலே ஊருக்கெல்லாம் கேட்கும், ஒரு நாளும் பதுங்கியதில்லை என்பதை நாங்களே பார்த்தோம். அக்காவின் முகம் வெளுத்தது.

"தினம் என் முன்னாடி வந்து நின்னான். நான் தினம் சுட்டேன்," என்றார். அழுகையை அடக்கியதில் குரல் உடைந்து வந்தது.

நாளைக் காலையில் கையெழுத்து ஆகிவிடும். அதற்கு அப்புறம் அவனால் அவர்களுக்கு உபயோகம் இல்லை, உபத்திரவம்தான் உண்டு.

மேடம் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் முதலில் சலித்துக்கொண்டது கேட்டது. மேடம் விரலைப் பற்றிச் சொன்னார், கதவைப் பற்றிச் சொன்னார். உள்ளே இருப்பது அவன்தான் என்பதற்கு என்ன உறுதி என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி மேடம் போனை மேஜைமேல் வைத்தார்.

எழுதிக் கேட்கக் கூடாது, எழுதுவதை எல்லாம் அவர்கள் படிப்பார்கள் என்று அக்காவை எச்சரித்தார். அப்பாவின் வகுப்பில் செய்தது இன்னும் நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார்.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் சுண்டெலியின் அணியை விட்டுவிட்டு எதிரணியில், புதுமுகத்தின் பக்கம் சேர்ந்தார். கூரை போன ஒரு வீடு, உள்ளே மழை. கதவோரம் புதுமுகம் நின்றிருந்தான். அக்காவின் சிப்பாயைப் பார்த்ததும் வழக்கம் போலத் தடதடவென்று வந்து எதிரில் நின்றான்.

அக்கா சுடவில்லை. தன் சிப்பாயைச் சுவரைப் பார்த்துத் திருப்பினார். ஒரு குதி. இன்னொரு குதி.

புதுமுகம் அசையவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆள் போய்விட்டானோ, அல்லது எங்கள் கணக்கே தப்போ என்று எனக்குப் பயம் வந்தது. பிறகு அவன் மெல்ல நகர்ந்தான். உடைந்த கண்ணாடி நொறுங்க நொறுங்க அறையின் மறுகோடிக்குப் போனான், சின்ன வயதில் அவன் உட்கார்ந்திருந்த மாதிரி. அங்கே சுவரைப் பார்த்துத் திரும்பினான். இரண்டு தடவை குதித்தான். திரும்பவே இல்லை.

"அவன்தான்," என்றார் அக்கா. "அவன் பின்னாடி ஆள் நிக்குது மேடம்."

மேடம் போனை எடுத்து அதையே சொன்னார். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் எதிர்க்கேள்வி கேட்கவில்லை, கம்பெனி வாசலுக்கு ஆட்களோடு வருவதாகச் சொன்னார். நான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டேன். அக்காவையும் கூட வரச்சொன்னார் மேடம்.

"இல்ல மேடம். நான் எழுந்துட்டா என் சிப்பாய் ஏன் சும்மா நிக்கறான்னு தம்பி பின்னாடி இருக்கறவனுக்குச் சந்தேகம் வந்துடும். நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் இவனை நான் பாத்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே அவர் வாசலை விட்டுவிட்டு இடது பக்கத்து ஜன்னலுக்குத் துப்பாக்கியைத் திருப்பினார். அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"என் தம்பி எப்பவும் இடது பக்கமாத்தான் வருவான்."

ஜன்னல் விளிம்பில் ஒரு தலை எழுந்தது, மேலே 'சுண்டெலி' என்ற பெயர். அத்தனை சாயங்காலமும் அவர் மனசை ஆற்றிய பெயர். அக்காவின் உதடு நடுங்கியது, விரல் நடுங்கவில்லை. சுட்டார். சுண்டெலி மழையில் சரிந்து விழுந்தான்.

பொம்மைக்குச் சாவில்லை, மறுபடி எழுந்து வரும். அது அவருக்கும் தெரியும். நாங்கள் கடையை விட்டு வெளியே ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். திரையில் புதுமுகம் இன்னும் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். அக்காவின் சிப்பாய் அவன் முதுகோடு முதுகாக நின்று, இடது ஜன்னலைப் பார்த்துக் காத்திருந்தான்.